கைசா ஹக்கலாவின் நான்காவது முதல் சீசன்

வரலாறு தொடங்கும்போது பக்கத்தில் நிற்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கனடாவில் எங்கள் சட்பரி ஊரில் கைசா ஹக்கலாவுக்கு அது நான்கு முறை வாய்த்தது. நான்கு முறையும் ஐஸ் ஹாக்கி உடுப்பில், கையில் மட்டையோடு, புகை இயந்திரம் கக்கிய புகையில் இருமிக்கொண்டு நின்றாள்.

பெண்களுக்கான தொழில்முறை ஹாக்கி லீக் நவம்பரில் தொடங்கும். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ மூடப்படும். கோடை முடிவதற்குள் வேறு பெயர், வேறு சின்னம், அதே நாற்காலி மேசைகளோடு மறுபடியும் தொடங்கும். ஆணையர் மட்டும் மாறமாட்டார். ப்ரெஸ்டன் விட்கோம்ப் டொரொண்டோவிலிருந்து வந்து, பனித்தளத்தின் நடுவே விரித்த சிவப்புக் கம்பளத்தில் ஏறி நின்று, "இன்றுதான் வரலாறு தொடங்குகிறது" என்பார். அவர் பேசி முடிப்பதற்குள் கம்பளத்தடியில் பனி குழைந்துவிடும். அரங்கில் பனியைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுபவன் நான். வரலாறு தொடங்கிய ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தை நிரப்பியது நான்தான்.

அணிக்கு முதலில் எரிகற்கள் என்று பெயர். பிறகு வால்மீன்கள். மூன்றாவது பெயர் எனக்கே மறந்துவிட்டது. இந்த முறை பெயர் வைக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு முடிவு சொல்லும்வரை மார்பில் 'சட்பரி' என்று மட்டும் எழுதிய சட்டையோடு ஆடினார்கள். எதிரே வருபவர்கள் மார்பில் 'ரிமூஸ்கி' என்றிருக்கும். இரண்டு பேருந்து நிலையங்கள் முட்டிக்கொள்வதைப் போல இருக்கும் பார்ப்பதற்கு.

கைசா தடுப்பாட்டக்காரி. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பகலில் ரெனேயின் டயர் கடையில் வேலை. நவம்பரில் ஊரே பனிக்கால டயர் மாற்ற வரிசையில் நிற்கும். அங்கே குனிந்து நிமிர்ந்துவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து குனிந்து நிமிர்வாள். லீக் தன் இணையதளத்தில் வீராங்கனைகளின் சாதனைகளைப் போட்டபோது, கைசாவின் பெயருக்கு நேரே எல்லாக் கட்டமும் பூஜ்யமாக இருந்தது. ஆணையர் அரங்கைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று அவரிடமே கேட்டாள்.

"சார், போன வருஷம் நான் போட்ட கோலெல்லாம் காணோமே?"

"அது போன லீகோட வரலாறும்மா. இது வேற வரலாறு."

"அதுலயும் நீங்கதானே ஆணையர்?"

"ஆமா. அந்த அனுபவம் இருக்குன்னுதான் என்னை இங்க எடுத்தாங்க."

கைசா தலையாட்டிவிட்டு ஸ்கேட்டின் கயிற்றைக் கட்டப் போனாள். வரலாறு புதிது என்பதால் அவளும் புதுமுகம். போன இரண்டு லீகுகளிலும் 'சிறந்த புதுமுகம்' விருது அவளுக்குத்தான் கிடைத்தது. விருது என்பது முட்டையை உடைத்து எட்டிப் பார்க்கும் கண்ணாடிக் கோழிக்குஞ்சு. இரண்டையும் டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரத்தின் மேல் வைத்திருந்தாள். இயந்திரம் ஓடும்போது இரண்டும் நடுங்கும்.

கோபம் வரவில்லையா என்று கோல்காவலரான ஜோஸ் கேட்பாள். ஜோஸியான் ட்ரூடெல், பாலர் பள்ளி ஆசிரியை, ஊருக்கே கேட்கும் குரல். "உனக்கு ரத்தம் ஓடுதா, இல்ல காரு ரேடியேட்டர்ல ஊத்துற பச்சைத் தண்ணி ஓடுதாடி?" என்பாள். கைசா யோசித்துப் பார்த்து, "தெரியல ஜோஸ்" என்பாள். கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் பெண் அவள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த வருடம் லீகில் புதிதாக ஊக்கப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். அதன் இயக்குநர் மெரிடித் லாங்ஸ்டாஃப், தும்பை நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு டயர் கடைக்கே வந்து, எதன் மீதும் பட்டுவிடாமல் நின்றாள். ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு கதை வேண்டும், சிறுமிகள் அதைக் கேட்டு ஊக்கம் பெற வேண்டும் என்றாள்.

"சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே, கைசா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"பொண்ணு ஹாக்கி ஆடக்கூடாதுன்னு அப்பா தடுத்தாரா?"

"அவருதான் கூட்டிட்டுப் போவாரு. சுரங்கத்துல ஷிஃப்ட் முடிஞ்சு நேரா என்னை இங்க கொண்டாந்து விடுவாரு. நான் ஆடுவேன், அவரு மேல உக்காந்து தூங்குவாரு."

மெரிடித்தின் முகம் தெளிந்தது. "ஓஹோ. உங்க ஆட்டத்தை அவரு பாக்கவேயில்ல."

"முழிச்சா பாப்பாருங்க."

"ஒரு தடவைகூட வேண்டாம்னு சொன்னதில்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க. அவசரமில்ல."

கைசா ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நேரம் யோசித்தாள். "ஒரு தடவ சொல்லியிருக்காரு. உறைமழை பெஞ்சு ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. இன்னிக்கு வேண்டாம்மான்னாரு."

"அது போதும்," என்றாள் மெரிடித். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. நடிப்பு என்று சொல்ல முடியாது.

முதல் ஆட்டத்தன்று அரங்கு நிறைந்திருந்தது. விளக்குகள் அணைந்தன. சடங்குகள் முடியும்வரை எனக்கு வேலை கிடையாது, ஆகவே மேல்வரிசையில் கைசாவின் அப்பா எய்னோ ஹக்கலா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நிக்கல் சுரங்கத்தில் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது பாதி போயிருந்தது. திரையில் பனி விழுந்தது. ஒரு குழந்தையின் ஸ்கேட் தனியாகக் கிடந்தது. கனத்த குரல் ஒன்று பேசியது.

"தந்தை தடுத்தார். மகள் நிற்கவில்லை. ஒரு நாள்கூட அவள் ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. கடைசி நாளில் மகளின் கையைப் பிடித்து, 'ஆடு' என்றார். இன்று அவர் நம்மிடையே இல்லை. ஆனால் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்."

கடைசி வரி மட்டும் உண்மை.

பிறகு ஒரு நிமிட மௌனம் அறிவிக்கப்பட்டது. அந்த மௌனத்தை வழங்குபவர்கள் ஒரு காகிதக் கைக்குட்டை நிறுவனத்தார் என்பதும் அறிவிக்கப்பட்டது. எல்லோரும் எழுந்தோம். அன்று அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு எய்னோவைத் தெரியும். காலையில் அவரோடு காப்பி குடித்தவர்களே வரிசை வரிசையாக இருந்தார்கள். ஆனாலும் எழுந்தோம். எங்கள் ஊர் மரியாதை தெரிந்த ஊர். எழுந்து நில் என்றால் நிற்போம்.

எய்னோவும் எழுந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரல் என்று அவர் நினைத்த குரலில் கேட்டார்: "யாருக்குப்பா இது?"

"உங்களுக்குத்தான் எய்னோ."

"அப்படியா," என்று இன்னும் கொஞ்சம் நேராக நின்றார்.

கீழே நீலக்கோட்டில் வரிசையாக நின்றவர்களில் கைசா மட்டும் தலையைத் தூக்கி மேல்வரிசையைப் பார்த்தாள். அப்போது என்ன தோன்றியது என்று பின்னால் ஜோஸ் கேட்டதற்கு, "மௌனம் முடிஞ்சா முதல்ல ஆட எறங்குறது நான்தான், கால் விறைச்சுடக் கூடாதேன்னு தோணுச்சு" என்றாளாம்.

மறுநாள் ஜோஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆணையரிடம் போனாள். உடைமாற்றும் அறைக்கு எதிரில்தான் பேசினார்கள்; நான் வண்டிக்குச் சுடுதண்ணீர் ஏற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"உயிரோட இருக்கற மனுஷனைக் கொன்னுட்டீங்களே சார்!"

"கொன்னோம்னு சொல்லாதீங்க ஜோஸியான். நினைவுகூர்ந்தோம். அவரு உயிரோட இருந்தப்ப யாராவது அவரை ஒரு நிமிஷம் எழுந்து நின்னு நினைச்சீங்களா?"

"அவரு இன்னும் இருக்காரு சார்," என்றாள் கைசா.

"அது உங்க குடும்ப விஷயம்மா. அதுல லீக் தலையிடாது." ஆணையர் குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "நேத்து எத்தனை பேரு அழுதாங்க பாத்தீங்களா? அழுதவங்ககிட்ட போயி உங்க அழுகை வீண்னு சொல்றது எவ்வளவு கொடூரம்? பெண்கள் ஹாக்கி நம்பிக்கையில நிக்குது. உண்மையெல்லாம் ஆம்பளைங்க லீகுக்குக் கட்டுப்படியாகும். நாம இன்னும் அந்த நிலைக்கு வரல. வருவோம். அதுக்குத்தானே இந்தப் பாடு."

"அப்ப எங்கப்பா ஆட்டம் பாக்க வரக்கூடாதா?"

"சேச்சே. குடும்பங்களை நாங்க ரொம்ப மதிக்கிறோம். தாராளமா வரட்டும். அப்பாவா வர வேண்டாம், அவ்வளவுதான்."

மெரிடித் ஒரு வழி கண்டுபிடித்தாள். எய்னோ தன் தம்பியாக வரலாம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள்: 'கைசாவின் சித்தப்பா.' அரங்குக்குள் அவள் அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். கிழவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் அட்டையை மாட்டிக்கொண்டு, "எனக்குத் தம்பியே கிடையாது. இருந்திருந்தா அவனுக்கும் இப்படித்தான் முட்டி வலிச்சிருக்கும்" என்று படியேறினார்.

வெளியூர் ரசிகர்கள் டயர் கடைக்கு இரங்கல் சொல்ல வந்தார்கள். இறைச்சி அடை, உருளைக்கிழங்குப் பதார்த்தம், ஆப்பிள் கேக் என்று மூடிவைத்த பாத்திரங்களில் கொண்டுவந்து, கைசாவைக் கட்டிப்பிடித்து விம்மினார்கள். அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்புவாள். வரும் சாப்பாட்டை எய்னோ சாப்பிட்டார். "செத்ததுலேர்ந்து நாக்குக்கு நல்லா இருக்கு" என்றார்.

கோல் போட்டால் வானத்தைக் காட்டி விரலை உயர்த்த வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது. கைசா உயர்த்தினாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று மேல்வரிசையிலிருந்து எய்னோ கையாட்டினார். மெரிடித் அவரை வேறு பக்கம் உட்காரவைத்தாள். அங்கிருந்தும் ஆட்டினார்.

லீகுக்கு இந்த ருசி பிடித்துப்போயிற்று. மற்ற ஊர்களும் பின்தங்க விரும்பவில்லை. ஓர் அணியில் இரண்டு தாத்தாக்கள் மறைந்தார்கள். இன்னொரு அணியில் இறந்தவர் யாரும் கிடைக்காததால், ஒரு வீராங்கனையின் நாயை இழந்தார்கள். நாய் அந்த நேரம் வாகன நிறுத்தத்தில் காருக்குள் குரைத்துக்கொண்டிருந்தது. மௌனங்கள் கூடக்கூட ஆட்டங்கள் நீண்டன. நடுவர் விசில் ஊதினால் ஆட்டம் நின்றதா மௌனம் தொடங்கியதா என்று தெரியாமல் சில பேர் ஆடிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார்கள்.

இதற்கு நடுவில் கைசா நன்றாக ஆடினாள். அணி வென்றுகொண்டே போனது. வென்ற பிறகு மற்றவர்கள் கட்டிக்கொண்டு கத்தும்போது, அவள் சரிபார்த்து முடித்த சக்கரத்தைப் பார்ப்பது போல வென்ற கணக்கைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எய்னோ என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பின்லாந்துக்காரர்களின் மாட்டிறைச்சிச் சாறு, மொஜாக்கா என்பார்கள், கம்பு ரொட்டியோடு. சாப்பிட்டுக்கொண்டே கைசா கையை நீட்டி, "சித்தப்பா, அந்த உப்பை எடுங்க" என்றாள்.

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

சட்பரியும் ரிமூஸ்கியும் இறுதிப் போட்டிக்கு வந்தன. போட்டிக்கு முந்தின நாள் எல்லா வீராங்கனைகளையும் காணொளி அழைப்பில் கூப்பிட்டார்கள். அவர்கள் பேச முடியாதபடி ஒலியைத் தலைமையகமே அடைத்துவைத்திருந்தது. ஆணையர் நீலச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"லீக் மூடப்படுகிறது என்று வதந்தி வரும். நம்பாதீர்கள். நாம் மூடவில்லை, இடைவெளியை அறிமுகப்படுத்துகிறோம். இறுதிப் போட்டிக்கு முன்பே இடைவெளிக்குப் போன லீக் உலகில் எதுவும் இல்லை. அந்தத் துணிச்சலைக் காட்டிய முதல் பெண்கள் நீங்கள். தோல்வியை யாருக்கும் கொடுக்காமல் ஒரு சீசனை முடித்திருக்கிறோம். இதைவிட ஊக்கம் தரும் செய்தி சிறுமிகளுக்கு வேறென்ன வேண்டும்? சட்டைகளைத் துவைத்து அனுப்பிவிடுங்கள். வெந்நீர் வேண்டாம், எழுத்து உரிந்துவிடும். நன்றி."

உடைமாற்றும் அறைக்குள் ஜோஸ் முகமூடியைச் சுவரில் எறிந்தாள். கைசா திரை அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிமூஸ்கி பஸ் கெளம்பியாச்சாம்," என்றாள் ஜோஸ். "பாதி வழியில நிக்குதாம். திரும்பட்டுமான்னு கேக்குறாங்க."

"வரச்சொல்லு," என்றாள் கைசா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருடம் முழுக்க அவள் யாரையும் எதுவும் செய்யச் சொன்னதில்லை.

சனிக்கிழமை பிற்பகல், சிறுவர்களின் பயிற்சிக்கும் கிழவர்களின் வாராந்திர ஆட்டத்துக்கும் நடுவில் தளம் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். அதைக் கொடுத்தேன். லீகின் சட்டை போடக்கூடாது என்று தகவல் வந்திருந்தது. இரண்டு அணியும் பயிற்சிச் சட்டையில் வந்தார்கள். ரிமூஸ்கிக்காரிகள் அடையாளத்துக்குத் தங்கள் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கம்பளம் இல்லை, புகை இல்லை, பாட்டு இல்லை. அறிவிப்பாளர் இல்லாததால் யாரும் இறக்கவில்லை. பயிற்சி முடிந்த சிறுவர்களின் பெற்றோர் சிலர் காப்பிக் குவளையோடு அப்படியே உட்கார்ந்தார்கள். எய்னோ வாசலில் அட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு நான் யாரும்மா?"

"அதைக் கழட்டிக் குப்பையில போடுப்பா," என்று சொல்லிக்கொண்டே கைசா தளத்துக்குள் இறங்கினாள்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அந்தத் தளத்தில் பார்த்ததில்லை. பாட்டு இல்லாததால் எல்லாம் கேட்டது: ஸ்கேட்டின் கத்தி பனியைச் சீவும் சத்தம், ரப்பர் வில்லை பலகையில் அறையும் சத்தம், மூச்சு, பிரெஞ்சு வசவு, ஃபின்னிஷ் வசவு. "பின்னால பாருடி!" "விடாத, விடாத!" "எங்க போற எருமை, இங்க வா!" ரிமூஸ்கி ஒரு கோல் போட்டது. சட்பரி திருப்பிப் போட்டது. கிழவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் நேரம் வந்துவிட்டது. நான் ஆட்டத்தை நிறுத்தும் ஊதுகுழல் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தேன்.

"அதுல கை வச்சே, வண்டியோட உன்னைக் கவுத்துருவோம்," என்றார் ஒருவர். பைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த கோல் போடுபவர்களுக்கே வெற்றி என்றானது.

கொஞ்ச நேரத்தில் ரிமூஸ்கிக்காரிகள் இரண்டு பேர் வேகமாக வந்தார்கள். தடுக்க கைசா ஒருத்திதான் இருந்தாள். வில்லை வைத்திருந்தவள்மேல் அவள் பாய்ந்தாள். அந்தப் பெண் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டாள். மற்றவள் காலியான மூலையில் மெதுவாகத் தட்டினாள். அவ்வளவுதான். சட்பரி தோற்றது.

இரண்டு அணியும் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டார்கள். கைசா கடைசி ஆள்வரை கைகொடுத்துவிட்டு, வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உடம்பே குலுங்கிற்று. ஜோஸ் பயந்துபோய், "எங்கடி அடி? தோளா? முட்டியா?" என்று தடவிப் பார்த்தாள்.

"தோத்துட்டோம் ஜோஸ்," என்றாள் கைசா. "தோத்துட்டோம்டி."

கைசாவோடு என்னையும் எய்னோ வீட்டுக்கு இழுத்துப் போனார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தபோதுதான் கிழவர் வாயைத் திறந்தார்.

"கடைசி கோல் உன் தப்பு."

கைசாவின் கை நின்றது. "என்னது?"

"ரெண்டு பேரு வந்தா வச்சிருக்கறவள ஜோஸ்கிட்ட விட்டுடணும். நீ பாஸைத்தான் அடைக்கணும். சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

"ஜோஸ் அவ்வளவு உள்ள நின்னா நான் என்ன பண்றது? வில்லை வச்சிருந்தவ அடிக்க மட்டைய ஓங்கிட்டாப்பா!"

"ஓங்குனா ஓங்கட்டும்."

"நீ தூங்கிட்டிருந்திருப்பே!"

"யாரு, நானா? ஒரு நிமிஷம் கண்ண மூடல."

அவள் எழுந்துவிட்டாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கடுகுச் சாற்றுக் குப்பியை நட்டு, "இவதான் வில்லை வச்சிருந்தவ" என்றாள். சர்க்கரைக் கட்டியை எதிர்ப்பக்கம் வைத்தாள், அது மற்றவள். ரொட்டி ஓரங்கள் இரண்டும் கோல் கம்பங்கள். கோல்காவலருக்கு எதுவும் கிடைக்காமல் தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வைத்த உடனே அது அதிர ஆரம்பித்தது. எய்னோ திருப்பிப் பார்த்தார். "விட்கோம்ப்னு போட்டிருக்கு."

"புது லீகா இருக்கும். வைப்பா கீழே."

அவர் கவிழ்த்து வைத்தார். அது அதிர்ந்து அதிர்ந்து மேசையில் நகர்ந்து கம்பத்தை விட்டு வெளியே போயிற்று. ஒரு விரலால் அதைப் பிடித்து உள்ளே தள்ளினார். "ஜோஸ் இங்கதான் நின்னா. இவ்வளவு உள்ள இல்ல."

"சரி, இருக்கட்டும். நான் எங்க நின்னேன் சொல்லு."

அவர் கரண்டியால் மேசையில் ஓரிடத்தைக் காட்டினார்.

"இல்லப்பா!" கைசா குனிந்து, மேசை அதிர ஓரிடத்தில் விரலைக் குத்தினாள். "நீ சரியா பாக்கல. நான் இங்க நின்னேன். இங்கதான் நின்னேன்."